தோடியின் முகவரி

ஆதம்பாக்கம் என்ற ஊர்ப்பெயர் எம்பி3 கோப்பின் பழைய தலைப்புப் பெட்டிக்குள் முழுசாக நுழையாது. 1996இல் வந்த ஐடி3 என்ற அந்த ஏற்பாட்டில் பாட்டின் பெயருக்கு 30 பைட் இடம். பாடியவர் பெயருக்கு 30, ஆல்பத்துக்கு 30. ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட் போதும். யூனிகோடின் யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட் வேண்டும். அதில் புள்ளியும் தனிக் குறி, காலும் தனிக் குறி. ஆ, த, ம, புள்ளி, ப, கால், க, புள்ளி, க, ம, புள்ளி என்று எண்ணினால் 11 குறிகள், 33 பைட். முப்பதில் வெட்டும்போது கடைசிப் புள்ளி வெளியே விழுந்து, ஊர் 'ஆதம்பாக்கம' ஆகிவிடும்.

வீட்டில் ஒரு சர்வர் வைத்துப் பாட்டுப் பட்டியல் போடுகிறவருக்கு இந்தக் கணக்கெல்லாம் எதற்கு என்று கேட்கலாம். கட்டாயம் வேண்டும் என்பது என் கட்சி. ஆதம்பாக்கம், நங்கநல்லூர், மடிப்பாக்கம் பக்கத்து வீடுகளில் பரணில் கிடக்கும் கேசட்டுகளில் பல, கடையில் வாங்கியவை அல்ல. சபாவில் முன்வரிசையில் உட்கார்ந்து பதிந்த கச்சேரி, ஆகாசவாணி சங்கீத சம்மேளனத்தை டூ-இன்-ஒன்னில் பிடித்தது, நந்தீஸ்வரர் கோயில் உற்சவத்தில் எடுத்த நாகஸ்வரம், நவராத்திரி கொலுவுக்கு முன்னால் பாட்டி பாடியது. இவற்றுக்கு உலகத்தில் வேறு பிரதி கிடையாது. எந்தப் பாட்டுச் செயலியில் தேடினாலும் வராது. இப்போது பிள்ளைகள் அவற்றைக் கணினியில் ஏற்றி, ஹார்ட் டிஸ்க்கில் சேர்த்து, கூடத்து டிவியிலும் அடுக்களை ஸ்பீக்கரிலும் கைபேசியிலும் கேட்கும்படி ஒரு ஸ்ட்ரீமிங் சர்வரில் வைக்கிறார்கள். நல்ல காரியம். அந்த உழைப்பு பத்து வருஷம் கழித்தும் பயன் தருமா என்பது, பட்டியலில் அவற்றை எப்படிச் சேர்க்கிறோம் என்பதைப் பொறுத்தது.

சர்வர் என்றதும் பெரிய இரும்பு அலமாரியை நினைக்க வேண்டாம். ராஸ்பெர்ரி பை என்ற உள்ளங்கை அளவுக் கணினி 2012இல் விற்பனைக்கு வந்தது. அதோடு ஒரு ஹார்ட் டிஸ்க்கை இணைத்து இன்வெர்ட்டர் பக்கத்தில் வைத்தால் முடிந்தது. அதில் ஓட ஜெல்லிஃபின், நேவிட்ரோம் போன்ற இலவச மென்பொருள்கள் இருக்கின்றன. ஜெல்லிஃபின் பிறந்தது 2018 டிசம்பரில். எம்பி என்ற மென்பொருள் தன் மூலநிரலை மூடிக்கொண்டபோது, பழைய திறந்த நிரலை எடுத்துத் தன்னார்வலர்கள் தனியாக வளர்த்தது அது.

எண்பதுகளில் பாட்டு ரெக்கார்டிங் கடைக்குப் போனவர்களுக்கு ஒரு வழக்கம் நினைவிருக்கும். வேண்டிய பாட்டுகளை ஒரு தாளில் எழுதிக் கொடுப்போம். கடைக்காரர் தன்னிடமுள்ள இசைத்தட்டுகளிலிருந்து 60 நிமிடக் கேசட்டில் பதிந்து தருவார். கேசட்டைக் கையில் வாங்கியபிறகு கடை இருந்தாலென்ன, மூடினாலென்ன, பாட்டு நம்மிடம் இருக்கும். சர்வரின் பிளேலிஸ்ட் அந்தக் கேசட் அல்ல, அந்தத் தாள். அதில் ஒரு விநாடி இசைகூடக் கிடையாது. நூறு பாட்டுள்ள பட்டியல் சில கிலோபைட் எடையுள்ள வெறும் எழுத்துக் கோப்பு. பெரும்பாலோர் இதைக் கவனிப்பதில்லை. பட்டியலைப் பென்டிரைவில் நகலெடுத்துவிட்டுப் பாட்டே வந்துவிட்டதாக நினைத்து, பழைய டிஸ்க்கை அழித்துவிடுகிற விபரீதம் இதனால்தான் நடக்கிறது.

அந்த எழுத்துக் கோப்பின் வடிவத்துக்கு எம்3யு என்று பெயர். எம்பி3 முறையை உருவாக்கியவர்களில் முக்கியமான ஜெர்மனியின் ஃபிரான்ஹோஃபர் நிறுவனம், தொண்ணூறுகளின் நடுவில் தன் வின்பிளே3 என்ற பாடும் மென்பொருளுக்காகச் செய்தது. பிறகு வின்ஆம்ப் அதைப் பரப்பியது. வரிக்கு ஒரு முகவரி, அவ்வளவுதான் அதன் இலக்கணம். # என்று தொடங்கும் வரி குறிப்பு. அதில் பாட்டின் நீளத்தை விநாடியில் எழுதி, காற்புள்ளி போட்டு, பெயரை எழுதலாம். நோட்பேடிலேயே திறந்து படிக்கலாம், திருத்தலாம். முப்பது ஆண்டுகள் ஆகியும் இந்த எளிமையால்தான் அது உயிரோடு இருக்கிறது.

முகவரி இரண்டு விதம். டிஸ்க்கின் வேரிலிருந்து முழு வழியையும் எழுதுவது ஒன்று. பட்டியல் கோப்பு இருக்கும் இடத்திலிருந்து 'பக்கத்து ஃபோல்டரில் மூன்றாவது கோப்பு' என்கிற மாதிரி எழுதுவது இன்னொன்று. விண்டோஸ் கணினியில் 'டி' டிரைவ் என்று தொடங்கும் முழு வழியோடு செய்த பட்டியலை லினக்ஸில் ஓடும் சர்வருக்குக் கொண்டுபோனால், அங்கே 'டி' டிரைவ் என்று ஒன்றே இருக்காது. ஃபோல்டர்களைப் பிரிக்கும் சாய்கோடுகூட எதிர்ப்பக்கம் சாய்ந்திருக்கும். சார்பு வழியில் எழுதிய பட்டியலோ, மொத்த ஃபோல்டரையும் எங்கே தூக்கி வைத்தாலும் வேலை செய்யும். பெரும்பாலான மென்பொருள்கள் பட்டியலைச் சேமிக்கும்போது இந்த விருப்பத்தைக் கேட்கின்றன. யோசிக்காமல் சார்பு வழியைத் தேர்ந்தெடுங்கள்.

இனி தோடிக்கு வருவோம். எங்கள் அடுக்ககத்தில் மூன்றாம் மாடியில் இருக்கும் பெரியவர், தன் கேசட்டுகளையெல்லாம் ராகவாரியாக ஃபோல்டர் போட்டு வைத்திருக்கிறார். பேரன் தன் பழைய மேக் கணினியில் ஏற்றிக் கொடுத்தவை. வீட்டில் சர்வர் வைத்து, விண்டோஸில் புதிதாகப் பட்டியல் தட்டச்சு செய்தார். கல்யாணி பாடியது, பைரவி பாடியது. தோடியும் மோகனமும் பாடவில்லை. "பேர் அப்படியேதானே இருக்கு தம்பி, அப்புறம் ஏன் கோப்பு இல்லைன்னு சொல்லுது?" என்று என்னிடம் கேட்டார். திரையில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. பைட்டுகளை எண்ணிப் பார்த்தபோது விளங்கிவிட்டது. பட்டியலில் இருந்த 'தோடி' 12 பைட். டிஸ்க்கில் இருந்த 'தோடி' 15 பைட்.

காரணம் இது. 'தோ' என்பதில் த-வுக்கு முன்னால் கொம்பும் பின்னால் காலும் வருகிறதல்லவா? யூனிகோடில் இந்த ஓகாரக் குறியை எழுத இரண்டு வழி உண்டு. கொம்பும் காலும் சேர்ந்த ஒரே குறியாக எழுதலாம். ஏகாரக் கொம்பு, துணைக்கால் என்று இரண்டு குறியாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. யூனிகோடு விதிப்படியும் இரண்டும் சமம். ஆனால் லினக்ஸின் கோப்பு முறைக்கு எழுத்து தெரியாது, பைட்தான் தெரியும். ஒரு பைட் மாறினாலும் அதற்கு அது வேறு பெயர். மேக் கணினிகள் 1998 முதல் பயன்படுத்திய பழைய கோப்பு முறை, எந்தப் பெயரையும் பிரித்தே வைக்கும். விண்டோஸ் விசைப்பலகையில் தட்டினால் பெரும்பாலும் சேர்ந்த குறி வரும். தமிழில் இப்படிப் பிரியக்கூடியவை ஒகர, ஓகார, ஔகாரக் குறிகளும் 'ஔ' என்ற உயிரெழுத்தும்தான். அதனால்தான் கல்யாணி தப்பித்தது, பைரவியின் ஐகாரமும் தப்பித்தது, தோடியும் மோகனமும் மாட்டிக்கொண்டன.

மருந்து எளிது. டிஸ்க்கில் உள்ள எல்லாப் பெயர்களையும் சேர்ந்த வடிவத்துக்கு ஒரே தடவையில் மாற்றித் தரும் இலவசக் கருவிகள் இருக்கின்றன. மாற்றியதும் பெரியவர் வீட்டுத் தோடி பாடிவிட்டது. ஆங்கிலத்தில் பெயர் வைத்தால் இந்தத் தொல்லை இல்லையே என்பார்கள். அங்கே வேறு தொல்லை: லினக்ஸில் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் வேறு வேறு. தோடியை எப்படி ஆங்கிலத்தில் எழுதுவது என்பதிலேயே வீட்டுக்கு வீடு ஒரு வழக்கம், தியாகராஜர் பெயருக்கு நான்கைந்து வழக்கம். தமிழில் பெரிய, சின்ன எழுத்துச் சண்டை கிடையாது, ராகத்தின் பெயருக்கும் பெரும்பாலும் ஒரே எழுத்துக்கூட்டுதான். தமிழிலேயே வையுங்கள். பட்டியலை மட்டும் எம்3யு8 என்ற பின்னொட்டோடு சேமியுங்கள். உள்ளே இருப்பது யூடிஎஃப்-8 என்பதற்கு அந்த எட்டு அடையாளம். வெறும் எம்3யு என்றால் சில மென்பொருள்கள் பழைய ஐரோப்பிய எழுத்துமுறை என்று எடுத்துக்கொண்டு தமிழைக் கண்டபடி சிதைத்துவிடும். லினக்ஸில் கோப்புப் பெயருக்கு 255 பைட் எல்லை, அதாவது 85 தமிழ்க் குறிகள். கச்சேரி விவரம் முழுவதையும் பெயரிலேயே திணிக்க முயல்கிறவர்கள் இந்த எல்லையில் முட்டிக்கொள்வார்கள்.

கோப்பு என்பது ஒரு வகை மூலம்தான். நேரலையும் மூலமே. இதில் நமக்கு முன்னோடி ஆகாசவாணி. சென்னை நிலையம் 1938 ஜூன் 16 அன்று தொடங்கியது. அதன் பழைய நிகழ்ச்சி நிரல் ஒன்றை எடுத்துப் பார்த்தால், இன்று சர்வரில் நாம் செய்கிற எல்லாம் அதில் இருக்கும். இசைத்தட்டிலிருந்து ஒலிப்பது, டேப்பிலிருந்து ஒலிப்பது, ஸ்டுடியோவில் நேரடியாகப் பாடுவது, பிறகு தமிழ்ச் செய்திக்காக டெல்லிக்கு மாறுவது. சரோஜ் நாராயணஸ்வாமியின் குரல் தமிழ்நாடு முழுவதும் ஒலித்தாலும், அவர் உட்கார்ந்து வாசித்த இடம் டெல்லி. அங்கிருந்து வருவதைச் சென்னையும் திருச்சியும் அஞ்சல் செய்தன. பணிநேர அதிகாரியின் மேசையில் இருந்த நிரல் தாளில் அந்த வரி வெறும் நேரமும் இடமும்தான்; ஒலி வேறெங்கோ பிறந்து அந்த நிமிடத்தில் வந்து சேர்ந்தது. வரவில்லையென்றால் என்ன போடுவது என்பதற்கு ஓர் இசைத்தட்டைத் தயாராக வைத்திருப்பார்கள்.

இன்று அதே ஆகாசவாணி 'நியூஸ்ஆன்ஏர்' வழியாக 200க்கும் மேற்பட்ட ஒலியோடைகளை இணையத்தில் தருகிறது. அவற்றில் ஒன்றை வீட்டுப் பட்டியலில் சேர்க்கும்போது, கோப்பின் வழிக்குப் பதிலாக இணைய முகவரி ஒன்றை வரியாக எழுதுகிறோம். அந்த முகவரியின் மறுமுனையில் என்ன இருக்கிறது என்று பார்த்தால் வியப்பாக இருக்கும்: அங்கேயும் ஒரு பிளேலிஸ்ட். 2009இல் ஆப்பிள் நிறுவனம் ஐபோனுக்கு நேரலை அனுப்ப எச்எல்எஸ் என்ற முறையைக் கொண்டுவந்தபோது, புதிதாக எதையும் கண்டுபிடிக்காமல் பழைய எம்3யுவையே எடுத்துக்கொண்டது. 2017 ஆகஸ்டில் அது ஆர்எஃப்சி 8216 என்ற பொது ஆவணமாக வெளியானது.

அதன் வேலை இப்படி. நிலையத்தில் ஒலியைச் சில விநாடித் துண்டுகளாக வெட்டுகிறார்கள். ஆறு விநாடி என்பது ஆப்பிளின் பரிந்துரை. ஒவ்வொரு துண்டும் தனிக் கோப்பு. கடைசியாக வந்த சில துண்டுகளின் முகவரிகளை எம்3யு8 பட்டியலில் எழுதுகிறார்கள். புதுத் துண்டு வர வர, பட்டியலின் அடியில் ஒரு வரி சேரும், தலையில் ஒரு வரி போகும். உங்கள் கருவி சில விநாடிக்கு ஒருமுறை அந்தப் பட்டியலை மறுபடி வாங்கிப் படித்து, புது வரி இருந்தால் அந்தத் துண்டைக் கொண்டுவருகிறது. வலை தடுமாறினாலும் அறுபடாமல் இருக்க, பட்டியலின் முடிவிலிருந்து மூன்று துண்டு நீளமாவது பின்தங்கித்தான் தொடங்க வேண்டும் என்பது விதி. ஆறு விநாடித் துண்டென்றால் 18 விநாடி அங்கேயே போயிற்று. சேப்பாக்கத்தில் விக்கெட் விழுந்ததும் டிடிஎச் வைத்திருக்கும் அடுத்த வீட்டில் கூச்சல் கேட்டு, நம் கைபேசியில் பந்துவீச்சாளர் இன்னும் ஓடிவந்துகொண்டிருப்பது இதனால்தான்.

இந்தப் பட்டியல்கள் இரண்டு அடுக்கு. மேலே ஒரு தலைமைப் பட்டியல். அதில் ஒரே ஒலி பல தரங்களில், தரத்துக்கு ஒரு முகவரி. ஒவ்வொரு முகவரிக்குக் கீழேயும் துண்டுகளின் பட்டியல். சர்வரில் நேரலையைச் சேர்க்கும்போது தலைமைப் பட்டியலின் முகவரியையே கொடுக்க வேண்டும். கீழடுக்கைக் கொடுத்தால் தரம் மாற வழியில்லை. துண்டின் முகவரியைக் கொடுத்தால் ஆறு விநாடி பாடிவிட்டு ஓய்ந்துவிடும். சில நிறுவனங்கள் முகவரியோடு காலக்கெடு உள்ள சீட்டு ஒன்றை ஒட்டி அனுப்புகின்றன. இன்று ஒலித்த வரி நாளைக்கு ஒலிக்காது. அப்படிப்பட்டவற்றைப் பட்டியலில் நம்பி வைக்க முடியாது.

இணையமே இல்லாத நேரலையையும் சேர்க்கலாம். கிண்டியில் அண்ணா பல்கலைக்கழகத்தின் அண்ணா எஃப்எம் 2004 பிப்ரவரி 1 முதல் 90.4 மெகாஹெர்ட்ஸில் ஒலிக்கிறது. இந்தியாவின் வளாகச் சமுதாய வானொலிகளில் முதலாவது அது. காற்றில் வரும் அலைக்குக் கோப்பு வழியும் கிடையாது, இணைய முகவரியும் வேண்டியதில்லை. டிவி பார்ப்பதற்காக விற்ற ஒருவகை யுஎஸ்பி டாங்கிளை மென்பொருள் ரேடியோவாக மாற்றலாம் என்று ஆர்வலர்கள் 2012 வாக்கில் கண்டுபிடித்தார்கள். அதை ராஸ்பெர்ரி பையில் செருகி, வரும் ஒலியை ஐஸ்காஸ்ட் என்ற இலவச மென்பொருளுக்குக் கொடுத்தால், வீட்டு வலைக்குள் அதற்கென்று ஒரு முகவரி பிறக்கும். அந்த முகவரியை வரியாக எழுதிவிட்டால் வானலையும் பட்டியலில் ஒரு பாட்டு மாதிரி உட்கார்ந்துகொள்ளும். இதைச் செய்து பார்க்கும் பள்ளிப் பிள்ளைகளுக்கு ரேடியோ என்றால் என்ன என்று தனியாகப் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

ஐஸ்காஸ்டில் எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு மாற்று மூலம். இந்த ஓடை நின்றால் அந்த ஓடைக்குப் போ என்று ஒரு வரி எழுதி வைக்கலாம். ஆகாசவாணி அதிகாரியின் கைவசமிருந்த இசைத்தட்டு இங்கே ஒரு வரியாகிவிடுகிறது. சென்னையில் இது அலங்காரமல்ல. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது தென்சென்னையின் பல பகுதிகளில் மின்சாரமும் இணையமும் நாள்கணக்கில் போயின. அப்போது வெளியிலிருந்து வரும் மூலம் எல்லாம் ஊமை. வீட்டு டிஸ்க்கில் இருப்பதும், இன்வெர்ட்டரில் ஓடும் டாங்கிள் பிடித்துத் தரும் வானலையும்தான் மிச்சம். பட்டியலில் இணைய மூலங்களை எவ்வளவு சேர்த்தாலும், அடியில் உள்ளூர் மூலம் ஒன்று இருக்க வேண்டும்.

மூன்றாவது வகை, விதியால் சேர்ப்பது. பாட்டுகளை ஒவ்வொன்றாகச் சொல்லாமல், 'ராகம் தோடி, பதினைந்து நிமிடத்துக்கு மேல், ஒரு மாதமாகக் கேட்காதது' என்று நிபந்தனை எழுதினால், நேவிட்ரோம் போன்ற சர்வர் தானே தேடிப் பட்டியல் போடும். புதிதாகக் கோப்பு சேர்ந்தால் அதுவும் தானாக வரும். ஆனால் ராகம் எது என்று கோப்புக்குள் எழுதியிருந்தால்தானே? ஐடி3 முதலில் வந்தபோது இசை வகைகள் என்று 80 பெயர் கொடுத்தார்கள். அதில் போல்கா இருந்தது, கர்நாடக இசை இல்லை. ராகம், தாளம், பக்கவாத்தியம் எதற்கும் கட்டம் இல்லை. பிந்தைய ஐடி3 பதிப்புகளில் நாமே கட்டம் உண்டாக்கலாம். 2001இல் வெளியான ஃபிளாக் என்ற ஒலிக்கோப்பு வடிவத்தில் இன்னும் வசதி: எந்தப் பெயரிலும் கட்டம் வைக்கலாம், எழுத்து யூடிஎஃப்-8 என்பது அதன் விதி. டிஸ்கி, டாப் போன்ற பழைய எழுத்துருக் குறியேற்றங்களில் எழுதிய விவரம் இருந்தால் அதையும் இப்போதே யூனிகோடுக்கு மாற்றிவிட வேண்டும். அந்த எழுத்துருக்கள் இல்லாத கணினியில் அது வெறும் கிறுக்கல்.

ஃபிளாக்கைப் பரிந்துரைக்க இன்னொரு காரணமும் உண்டு. எம்பி3 ஒலியை 1,152 மாதிரிகள் கொண்ட சட்டங்களாகப் பிரித்துச் சுருக்குகிறது. சிடி வேகத்தில் ஒரு சட்டம் சுமார் 26 மில்லி விநாடி. கச்சேரியை ராகம் தனி, கீர்த்தனை தனி என்று வெட்டினால், ஒவ்வொரு துண்டின் முனையிலும் சட்டத்தை நிரப்பக் கொஞ்சம் மௌனம் ஒட்டிக்கொள்ளும். தம்புரா சுருதி அந்த இடத்தில் ஒரு கணம் விக்கும். சினிமாப் பாட்டில் தெரியாது, ஆலாபனையில் நன்றாகத் தெரியும். ஃபிளாக்கில் இந்த விக்கல் இல்லை. இடம்? சிடி தரத்தில் சுருக்காத ஒலி மணிக்கு 635 மெகாபைட். ஃபிளாக் அதைப் பாதியை ஒட்டிக் குறைக்கும். 128 கிலோபிட் எம்பி3 மணிக்கு 58 மெகாபைட்தான். ஆனால் டிஸ்க் இன்று மலிவு, பாட்டியின் குரல் ஒன்றே ஒன்று. மூலத்தை ஃபிளாக்கில் வையுங்கள். கைபேசிக்கு அனுப்பும்போது சர்வர் தானே சுருக்கி அனுப்பிக்கொள்ளும்.

பல மூலங்கள் கலந்த பட்டியலில் ஒலியளவு தூக்கிப்போடும். மெலிந்த கேசட்டுக்குப் பிறகு நேற்றைய சினிமாப் பாட்டு வந்தால் காது வலிக்கும். இதைச் சமன்செய்ய 2001இல் ரீபிளேகெயின் என்ற முறை வந்தது. ஒலியைத் தொடாமல், எவ்வளவு கூட்ட வேண்டும், எவ்வளவு குறைக்க வேண்டும் என்ற எண்ணை மட்டும் விவரக் கட்டத்தில் எழுதி வைக்கும். பாட்டுக்கு ஓர் எண், ஆல்பத்துக்கு ஓர் எண் என்று இரண்டு உண்டு. கச்சேரிக்கு ஆல்பம் எண்ணைத்தான் பயன்படுத்த வேண்டும். பாட்டு எண்ணை வைத்தால் ஆலாபனையின் முணுமுணுப்பும் தனி ஆவர்த்தனத்தின் முழக்கமும் ஒரே அளவுக்கு வந்து, கச்சேரி தட்டையாகிவிடும்.

உரிமை பற்றியும் சொல்ல வேண்டும். வீட்டுக்குள் நாம் கேட்பது வேறு, சர்வரின் முகவரியை ஊருக்குத் திறந்துவிடுவது வேறு. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி ஒலிப்பதிவின் உரிமை, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டு. 1960க்கு முன் வெளியான இசைத்தட்டுகளின் ஒலிப்பதிவு உரிமை முடிந்துவிட்டது. பாட்டெழுதியவர், மெட்டமைத்தவர் உரிமை தனி. அது அவர் மறைந்து 60 ஆண்டு வரை நிற்கும். சபாவில் பதிந்த கச்சேரியில் பாடியவருக்கு உரிமை உண்டு. வெளியே பகிர்வதற்கு முன் அந்தக் குடும்பத்தாரைக் கேட்டுவிடுவதே முறை.

கேசட்டின் காந்தப் பூச்சு சென்னையின் ஈரப்பதத்தில் வருஷா வருஷம் உதிர்கிறது. உங்கள் வீட்டுப் பரணில் பெட்டி இருந்தால், வருகிற மார்கழிக்கு முன் இறக்கிவிடுங்கள். உறைமேல் பேனாவால் எழுதியிருக்கும் பாடகர் பெயர், இடம், தேதி எல்லாவற்றையும் முதலில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பக்கவாத்தியம் யார் என்று சொல்லக்கூடிய பெரியவர் வீட்டில் இருக்கும்போதே கேட்டு எழுதுங்கள். ஃபிளாக்கில் ஏற்றி, தமிழில் பெயர் வைத்து, ராகத்துக்கு ஒரு கட்டம் போட்டு, சார்பு வழியில் எம்3யு8 பட்டியல் ஒன்றை அதே ஃபோல்டரில் சேமியுங்கள். மொத்த ஃபோல்டரின் இன்னொரு பிரதியை வேறொரு டிஸ்க்கில் எடுத்து, வேறு ஊரில் இருக்கும் உறவினர் வீட்டில் கொடுத்து வையுங்கள்.